முதலில் கவசம், பிறகுதான் பீரங்கி

ஜாக்டா கப்பலுக்கு எந்த அப்கிரேடை முதலில் வாங்குவது என்று யோசிப்பவர்கள் ஒரு விதியை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். எதிரிக் கப்பலை மூழ்கடித்தால் அதிலுள்ள சரக்கில் பாதிதான் கைக்கு வரும். பக்கத்தில் அணைத்து, கொக்கி போட்டு, ஏறிப் பிடித்தால் முழுச் சரக்கும் நமக்கு. மற்ற எல்லாக் கணக்கும் இதிலிருந்தே கிளம்புகிறது.

யூபிசாஃப்ட் நிறுவனத்தின் ‘அசாசின்ஸ் க்ரீட் 4: பிளாக் ஃபிளாக்’ 2013 அக்டோபரில் வெளிவந்தது. கதை 1715இல் கரீபியன் கடலில் தொடங்குகிறது. வேல்ஸ்காரரான எட்வர்ட் கென்வேயின் கைக்கு வரும் ஜாக்டா, ஆரம்பத்தில் ஒரு சாதாரண பிரிக் வகைக் கப்பல். ஹவானா, நாசோ, கிங்ஸ்டன் என்று சுற்றி வரும்போதே அதைப் படிப்படியாகப் போர்க்கப்பலாக்குவதுதான் இந்த கேமின் உண்மையான சுவை. அசாசின் கதையைப் பாதியில் விட்டுவிட்டுக் கப்பலுக்காகவே விளையாடுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பக்கம்தான் நானும்.

அப்கிரேடுகளுக்குக் காசு மட்டும் போதாது. மரம், உலோகம், துணி ஆகியவையும் வேண்டும். ரம்மும் சர்க்கரையும் அப்கிரேடுக்குப் பயன்படாது என்பதால், துறைமுகத்துக்கு வந்ததும் யோசிக்காமல் விற்றுவிடலாம். எப்போதும் தட்டுப்பாடாக இருப்பது உலோகம். கவசத்துக்கும் அதுதான், பீரங்கிக்கும் அதுதான். அதனால் தொலைநோக்கியை எடுத்து, ஒரு கப்பலின் லெவலையும் அதிலுள்ள சரக்கையும் பார்க்காமல் சண்டைக்குப் போகக் கூடாது. உலோகம் இருக்கும் கப்பலைக் கண்டால் அதை மூழ்க விடக் கூடாது. அதில் பாதியை இழப்பது அடுத்த அப்கிரேடை ஒரு சண்டை தள்ளிப்போடுவதற்குச் சமம்.

இந்த நிலையில் மெனுவைத் திறந்ததும் கண்ணைக் கவர்வது பக்கவாட்டுப் பீரங்கிகளின் எண்ணிக்கை. கூடுதல் பீரங்கி, கூடுதல் புகை, கூடுதல் சத்தம். அங்கே கை போகாமல் தடுத்துக்கொள்ளுங்கள். முதல் செலவு கப்பலின் உடற்கவசத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு கப்பலைப் பிடிக்க அதன் பக்கத்திலேயே நின்றாக வேண்டும். அந்த நேரம் முழுவதும் அடி வாங்கியாக வேண்டும். மாலுமிகளைக் குனிந்து பதுங்கச் சொல்லும் கட்டளை சேதத்தைக் குறைக்கும், ஆனால் பதுங்கியிருக்கும்போது நாம் சுட முடியாது. கவசம் வலுவாக இருந்தால் பதுங்கும் நேரம் குறைந்து சுடும் நேரம் கூடுகிறது. புயலில் பேரலை மோதும்போதும், தேடப்படும் அளவு ஏறி, கடற்கொள்ளையரை வேட்டையாடும் கப்பல்கள் துரத்தும்போதும் காப்பாற்றுவதும் இதுதான்.

இரண்டாவது ஹெவி ஷாட். பக்கவாட்டில் பார்த்துக் குறிவைத்துச் சுட்டால் வழக்கமான குண்டு போகும். குறிவைக்காமல் சட்டென்று சுட்டால் ஹெவி ஷாட் போகும். தூரத்தில் அது கடலில் விழுந்து வீணாகும். நெருக்கத்தில் அதற்கு ஈடான ஆயுதம் ஜாக்டாவில் இல்லை. ஒரு ஃப்ரிகேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அணியத்துப் பக்கம் பார்த்தபடி சங்கிலிக் குண்டு வீசிப் பாய்மரத்தைச் சேதப்படுத்தினால் அதன் வேகம் குறையும். உடனே முழுப்பாயில் நெருங்கி, கடைசி நொடியில் பாயைச் சுருக்கிச் சுக்கானை ஒடித்தால், நம் பக்கவாட்டு அதன் பக்கவாட்டோடு உரசுவதுபோல் வந்து நிற்கும். அங்கே ஒரு ஹெவி ஷாட். மரச்சிம்புகள் பறக்கும், எதிரிக் கப்பலின் உடலில் சிவப்புக் குறிகள் தெரியும். அந்தக் குறிகளில் சுழல் துப்பாக்கியால் சுட்டால் சேதம் பல மடங்கு ஏறுகிறது. இந்த அப்கிரேடை வாங்கிய பிறகு நான் கப்பல் ஓட்டும் விதமே மாறிவிட்டது. தூரத்தில் வட்டமடித்துச் சுடுவதை விட்டு, நெருங்குவதற்கு வழி தேடத் தொடங்கினேன். நல்ல அப்கிரேடு என்பதற்கு என் அளவுகோல் அதுதான்: மெனுவில் எண் கூடினால் போதாது, கை பழகிய பழக்கம் மாற வேண்டும்.

சுழல் துப்பாக்கிக்கும் இதே காரணத்தால் சீக்கிரம் செலவழிக்கலாம். கொக்கி போட்டபின், நாம் தாவுவதற்கு முன்பே எதிரித் தளத்தில் நிற்பவர்களை அது சாய்த்துவிடும். நம் மாலுமிகள் குறைவாகச் சாவார்கள். மாலுமிகள் குறைந்தால், கடலில் மிதப்பவர்களையும் மதுக்கடையில் காத்திருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு திரும்ப நேரம் வீணாகும்.

மோர்ட்டார், கோட்டைகளைத் தாக்கப் போகும்போது தவிர்க்க முடியாதது. கரையிலிருந்து சுடும் கோட்டையை நெருங்குமுன் தூரத்திலிருந்தே ஒரு சுவரை வீழ்த்திவிட்டால் பாதி வேலை முடிந்தது. கப்பல் சண்டையில் அதை முதல் அடிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். முட்டி மோதும் ரேமும், பின்னால் வீசும் தீப்பீப்பாயும் கடைசியில் வந்தால் போதும். தீப்பீப்பாய் துரத்துகிறவர்களுக்கு எதிரானது. இந்த கேமில் துரத்த வேண்டியது நாம்.

எனக்கு உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. எதை வாங்கினாலும் எதையும் இழப்பதில்லை. எத்தனை பீரங்கி ஏற்றினாலும், எவ்வளவு இரும்பு போர்த்தினாலும் ஜாக்டா அதே வேகத்தில் ஓடுகிறது. உண்மையான பிரிக்கில் அது நடக்காது. எடை கூடினால் கப்பல் தாழும், திரும்ப நேரமாகும். கடற்கொள்ளையர் பிளாக்பியர்டின் கப்பலான குயீன் ஆன்ஸ் ரிவெஞ்ச் 1718இல் வட கரோலினாக் கரையோரம் தரைதட்டியது. அந்தச் சிதைவிலிருந்து கண்டெடுக்கப்பட்ட பீரங்கிகள் ஒரே இடத்தில் வார்க்கப்பட்டவை அல்ல. வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்தவை. கொள்ளையர்கள் கிடைத்ததை ஏற்றிக்கொண்டு சமாளித்தார்கள். அந்தச் சமாளிப்பு இந்த மெனுவில் இல்லை. கடைசியில் எல்லாரும் ஒரே ஜாக்டாவில் வந்து நிற்கிறோம்; வரிசை மட்டும்தான் நம் தேர்வு. யூபிசாஃப்ட் 2024இல் வெளியிட்ட ‘ஸ்கல் அண்ட் போன்ஸ்’ இந்தக் குறையைச் சரிசெய்ய முயன்றது. அணியத்தில் என்ன ஆயுதம், பக்கத்தில் என்ன ஆயுதம் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம், கப்பலின் வகையே சண்டை முறையைத் தீர்மானிக்கும். ஆனால் எதிரிக் கப்பலில் ஏறிச் சண்டை போடும் பகுதியை எடுத்துவிட்டார்கள். எனக்கு அது பெரிய இழப்பு. தேர்வு குறைவானாலும் பிளாக் ஃபிளாக்கையே விரும்புகிறேன்.

எலைட் என்று குறிக்கப்பட்ட உச்ச அப்கிரேடுகளைக் காசு கொடுத்தால் மட்டும் வாங்க முடியாது. அவற்றின் வரைபடங்கள் மூழ்கிய கப்பல்களிலும் புதையல் இடங்களிலும் கிடக்கின்றன. டைவிங் பெல் கிடைத்ததும் சுறாக்களுக்கு நடுவே மூச்சைக் கணக்குப் பார்த்து நீந்தி, முதலில் தேட வேண்டியது கவசத்தின் வரைபடம். கடல் வரைபடத்தின் மூலைகளில் காத்திருக்கும் லெஜண்டரி கப்பல்களோடு மோதும்போது அதன் அருமை புரியும். எல் இம்போலுடோ சண்டை தொடங்கியதுமே நேராக மோத வரும். ஹெச்எம்எஸ் ஃபியர்லெஸ்ஸும் ராயல் சாவரினும் சோடியாக வரும். ஒன்று மூழ்கியதும் மற்றது வெறிபிடித்துப் பாயும். இந்தச் சோடியிடம் போகுமுன் ஹெவி ஷாட்டின் இருப்பளவையும் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆயுதத்தின் வலிமையும் அதன் இருப்பளவும் மெனுவில் தனித்தனியாகத்தான் விற்கப்படுகின்றன. முதல் கப்பலிலேயே எல்லாவற்றையும் சுட்டுத் தீர்த்துவிட்டால், இரண்டாவது பாய்ந்து வரும்போது கையில் வெறும் வழக்கமான குண்டுகள்தான் இருக்கும்.