கறுப்பு எங்கே போச்சு? பழைய தமிழ்ப் பேய்ப்படங்களும் நம்ம டிவிடிகளும்

போன மாசம் மழை பெஞ்ச ஒரு சனிக்கிழமை ராத்திரி, சோழவரம் வீட்டில் ‘யார் நீ?’ போட்டேன். 1966-ல் வந்த படம். சத்யம் இயக்கம், பி.எஸ்.வீரப்பா தயாரிப்பு, ஜெய்சங்கர், ஜெயலலிதா. இந்தியில் ராஜ் கோஸ்லா 1964-ல் எடுத்த ‘வோ கௌன் தீ?’யின் தமிழ் வடிவம். மழை, கார், எதிரில் வெள்ளைப் புடவையில் ஒரு பெண்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா பொண்ணு சிரிச்சிட்டா. ஒன்பதாவது படிக்கிறாள். “மாமா, இது பேயா? சோப்பு விளம்பரம் மாதிரி இருக்கு.”

அம்மாவுக்குக் கோபம் வந்திடுச்சு. “இன்னாடி சிரிக்கிற? செங்குன்றம் பக்கம் டென்ட்டுக் கொட்டாயில இத பாத்துட்டு ஒரு வாரம் கொல்லப்பக்கம் தனியா போல நானு.”

“பயப்படற மாதிரி ஒண்ணுமே இல்லியே ஆயா!”

படத்தை நிறுத்திட்டு யோசிச்சேன். ரெண்டு பேரும் பொய் சொல்லல. தலைமுறை வித்தியாசம்னு சுலபமா சொல்லிட்டுப் போயிடலாம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன். இப்போ அப்படித் தோணல. அம்மா பார்த்த படமும் அந்தப் பொண்ணு பார்த்த படமும் வேற வேற. டிஸ்க்கில் இருக்கிறது அம்மா பார்த்த படம் இல்லை.

நிறுத்தி வெச்ச காட்சியை உத்துப் பாத்தா விஷயம் புரியும். ராத்திரி கறுப்பா இல்லை, சாம்பல். புடவையில் ஒரு மடிப்பு தெரியல, சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி ஒரே வெள்ளை. முப்பது நாப்பது ரூபாய்க்கு டிவிடி கூவிக் கூவி வித்த காலத்தில் வாங்கினது. தயாரிச்ச கம்பெனி பேரு இங்கே வேணாம். என் அலமாரியில் இருக்கிற முக்கால்வாசி டிஸ்க் இந்த லட்சணம்தான்.

இது எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா “பழைய படம்னா அப்படித்தான் இருக்கும்”னு நம்பிட்டிருக்கோம். அப்படி இல்லை. 35 எம்.எம். நெகட்டிவில் ஒரு கறுப்புக்குள்ளேயே பத்து கறுப்பு இருக்கும். நெகட்டிவிலிருந்து பிரிண்ட், பிரிண்ட்டிலிருந்து இன்னொரு நெகட்டிவ், அதிலிருந்து மறுபடி பிரிண்ட் என்று ஒவ்வொரு தலைமுறை நகலிலும் நடுவில் இருக்கிற சாம்பல் நிறங்கள் செத்துக்கிட்டே வரும். ஊர் ஊரா ஓடிக் கீறல் விழுந்த அப்படி ஒரு பிரிண்ட்டை எடுத்து, டிவிக்காக டேப்பில் ஏத்துவாங்க. பகல்ல, ஜன்னல் திறந்து கிடக்கிற ஹாலில் பாக்கிறவங்களுக்கு இருட்டுக் காட்சி தெரியணுமேன்னு அப்பவே வெளிச்சத்தைத் தூக்கி விடுவாங்க. குடும்பப் படத்துக்கு அதனால பெரிய நஷ்டம் இல்லை. பேய்ப்படத்தில் இருட்டுதான் நடிக்குது. அதைத் தூக்கிட்டா மிச்சம் இருக்கிறது புடவை கட்டின ஒரு நடிகை.

அடுத்தது சட்டம். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-ல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அதுக்கு முந்தின படங்கள் கிட்டத்தட்ட சதுரமான சட்டத்துக்காக எடுத்தவை: உயரம் 1 என்றால் அகலம் 1.37. இப்போ நம்ம டிவி 1.78. கறுப்புப் பட்டை இல்லாம திரை முழுக்க நிரம்பணும்னு மேலும் கீழும் வெட்டினா, உயரத்தில் கிட்டத்தட்ட கால்பங்கு காலி. தியேட்டருக்காக ஸ்கோப் அகலத்துக்கு வெட்டினா நாப்பது சதவீதத்துக்கும் மேல போயிடும். பேய்ப்படத்தில் அந்த மேல்பகுதியில்தான் உத்தரம் இருக்கும், மாடிப்படி இருக்கும், யாரோ நிக்கிறாங்களோன்னு நம்ம கண்ணு தேடுற அந்த வெறும் இடம் இருக்கும். வெட்டுறவருக்கு அது ‘ஒண்ணுமில்லாத இடம்’.

சத்தத்திலும் ஒரு கூத்து உண்டு. சினிமா ஓடுறது நொடிக்கு 24 சட்டம். நம்ம ஊரு டிவி முறை 25. அந்த டேப்பில் ஏத்தினா படம் நாலு சதவீதம் வேகமா ஓடும். குரலும் அரை ஸ்வரத்துக்குக் கொஞ்சம் குறைவா ஏறிடும். வேதா இசையில் சுசீலா பாடின அந்தப் பாட்டு, படம் முழுக்க எங்கேயோ தூரத்திலேர்ந்து வந்து பிடிச்சு இழுக்கிற பாட்டு, அவசர அவசரமா பாடின மாதிரி கேட்டா எதுக்குப் பயப்படறது?

வெளியூர்க் கதை ஒண்ணு சொல்லணும். முர்னாவின் ‘நொஸ்ஃபெராட்டு’, 1922. ‘டிராகுலா’ நாவலை அனுமதி இல்லாமல் எடுத்ததுக்காக பிராம் ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்கச் சொல்லித் தீர்ப்பு வாங்கினார். வெளிநாடுகளுக்குப் போன பிரதிகள் தப்பிச்சதால்தான் படமே இருக்கு. பல வருஷம் எல்லாரும் பாத்தது மங்கலான கறுப்பு வெள்ளை நகல்கள். அதில் ரத்தக்காட்டேரி சவப்பெட்டியைத் தூக்கிட்டுப் பட்டப்பகலில் தெருவில் நடந்து போவார். சூரியன் பட்டா செத்துப் போற ஆளு! பாத்தவங்க சிரிச்சாங்க, நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரியே.

உண்மையில் முர்னா அந்த ராத்திரிக் காட்சிகளைப் பகலில் எடுத்து, பிரிண்ட்டுக்கு நீலச் சாயம் ஏத்தினார். நீலம்னா இரவுன்னு அந்தக் காலத்து ரசிகனுக்குத் தெரியும். சாயம் போன நகலில் இரவே போயிடுச்சு. பாரிஸ் சினிமாதெக்கில் இருந்த, சாயம் ஏத்தின 1922 பிரெஞ்சுப் பிரதியை ஆதாரமா வெச்சு, முர்னா அறக்கட்டளைக்காக லூசியானோ பெர்ரியாதுவா 2005-06-ல் செஞ்ச மீட்டெடுப்பில் அந்த நீலம் திரும்பி வந்தது. இப்போ புளூ-ரேயில் அதே தெரு, அதே சவப்பெட்டி. சிரிப்பு வரல.

மீட்டெடுப்புன்னா ‘பளிச்’ ஆக்குறதுன்னு நம்ம ஊரில் ஒரு எண்ணம் இருக்கு. இந்த ஒரு உதாரணம் அதைக் கவிழ்த்துப் போட்டுடுது. அங்கே செஞ்ச வேலை, படத்துக்குள்ளே இரவைத் திரும்பக் கொண்டு வந்து வெச்சது. வெளிநாட்டுக்காரன் செஞ்சா எல்லாம் சரின்னும் நான் சொல்ல வரல. ஹாமர் கம்பெனியின் 1958 ‘டிராகுலா’வில் தணிக்கையில் போன துண்டுகள் டோக்கியோ ஆவணக் காப்பகத்தில், தீயில் அடிபட்ட ரீல்களில் கிடைச்சு, 2013-ல் பிரிட்டனில் புளூ-ரேயா வந்தது. கிடைச்ச துண்டுக்காகக் கொண்டாடின அதே ரசிகர்கள், படம் முழுக்க நீலம் பூசிட்டீங்களேன்னு சண்டையும் போட்டாங்க. எனக்கு அந்தச் சண்டைதான் பொறாமையா இருக்கு. கறுப்பு எவ்வளவு கறுப்பா இருக்கணும்னு இங்கே யார் யாரோட சண்டை போட்டிருக்கோம்?

நம்மகிட்ட சரக்கு இல்லாம இல்லை. 1951-ல் ஜூபிடரின் ‘மர்மயோகி’. எம்.ஜி.ஆர். படமாத்தான் எல்லாருக்கும் ஞாபகம். ஆனா தமிழில் முதன்முதலா ‘ஏ’ சர்டிபிகேட் வாங்கின படம் அதுதான், காரணம் அதில் வர்ற பேய்க் காட்சிகள். செருகளத்தூர் சாமா ராஜாவின் ஆவியா வருவார். இயக்குநர் கே.ராம்நாத் அடிப்படையில் ஒளிப்பதிவாளர். நிழலை வெச்சே ஆளைக் கட்டத் தெரிஞ்சவர். தணிக்கைக்காரங்க பயந்த அந்தக் காட்சியை இன்னிக்கு யூடியூப் நகலில் பாத்தா, ஆவி எது அரண்மனைத் தூண் எதுன்னு பிரிக்க முடியல.

அதைவிட எனக்கு வயித்தெரிச்சல் ‘நெஞ்சம் மறப்பதில்லை’. 1963, ஸ்ரீதர். பூர்வஜென்மக் கதை. கல்யாண்குமார், தேவிகா. நூறு வயசு தாண்டின கிழ ஜமீன்தாரா நம்பியார். ஒளிப்பதிவு ஏ.வின்சென்ட். மறுவருஷமே அவர் மலையாளத்தில் முதல்முறையா இயக்கினது ‘பார்கவி நிலையம்’, பஷீர் கதை, மலையாளப் பேய்ப்படங்களுக்கெல்லாம் தாய்வீடு. ஆக ஸ்ரீதரின் பாழடைஞ்ச மாளிகை, வின்சென்ட்டுக்குப் பார்கவியின் வீட்டுக்கு முன்னோட்டம் மாதிரி. ரெண்டையும் பக்கத்தில் வெச்சு, ஜன்னல் வெளிச்சம் எப்படி விழுது, நிழல் எங்கே முடியுதுன்னு பாக்கணும். இது ஆய்வு பண்றவனுக்கு அடிப்படை வேலை. நம்மகிட்ட இருக்கிற நகலில் அதைச் செய்ய முடியாது. நம்பியாரோட கிழட்டு ஒப்பனை மட்டும் மாவு பூசின மாதிரி துருத்திட்டுத் தெரியும். மேக்கப் மோசம்னு விமர்சனம் எழுதறாங்க. நிழலுக்காகப் போட்ட மேக்கப்பை டியூப்லைட் வெளிச்சத்தில் பாத்துட்டு எழுதற விமர்சனம் அது.

வசதி இல்லையான்னா, இருக்கு. வெளிநாட்டு ஸ்டூடியோக்களோட பழைய படங்களைச் சட்டம் சட்டமாச் சுத்தம் செஞ்சு அனுப்பின பிரசாத் இருக்கிறது இதே சென்னையில். சோழவரத்திலிருந்து ஜி.என்.டி. ரோட்டில் பஸ் ஏறினா ரெண்டு மணி நேரத்தில் போயிடலாம், லாரி வழி விட்டா. மத்திய அரசு 2022-ல் தேசியத் திரைப்பட மரபுத் திட்டத்தில் 363 கோடி ரூபாய், 2,200 படங்கள்னு அறிவிச்சது. ஆனா இங்கே மீட்டெடுப்புன்னா ஒரே வாய்ப்பாடுதான். 2012-ல் ‘கர்ணன்’ டிஜிட்டலா வந்து நூறு நாளைத் தாண்டி ஓடுச்சு. நல்ல விஷயம், நானே ரெண்டு தடவை பாத்தேன். அதிலிருந்து சிவாஜி, எம்.ஜி.ஆர். கலர்ப் படங்கள் வரிசையா வந்தன. விசில் அடிக்க ஆள் இருக்கிற படத்துக்குத்தான் பணம். கல்யாண்குமாருக்கு யார் விசில் அடிப்பாங்க?

ராம்சே சகோதரர்களோட இந்திப் பேய்ப்படங்களை ‘மோண்டோ மகாப்ரோ’ன்னு ஒரு வெளிநாட்டு நிறுவனம் தொகுதி தொகுதியா டிவிடி போட்டுச்சு. ‘புரானா மந்திர்’, ‘பந்த் தர்வாஸா’ எல்லாம். ராம்சே படங்களுக்கு நட்சத்திரமும் கிடையாது, கௌரவமும் கிடையாது. பேய்ப்படத்தைப் பேய்ப்படமாவே மதிச்ச யாரோ சில பேர் இருந்தாங்க, அவ்வளவுதான். தமிழ்ப் பேய்களுக்கு அப்படி ஒருத்தரும் வந்து நான் பாக்கல. எஸ்.பாலசந்தரோட ‘நடு இரவில்’ மாதிரிப் படத்துக்காவது வரணும்.

நேரமும் ஓடுது. அசிட்டேட் பிலிம் சூட்டிலும் ஈரத்திலும் புளிக்கும். டப்பாவைத் திறந்தா வினிகர் வாடை வரும். ஒரு டப்பா புளிச்சா பக்கத்து டப்பாவும் சீக்கிரம் புளிக்கும். மெட்ராஸ் வெயிலைப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தென்னிந்தியாவில் எடுத்த மௌனப்படங்களில் ‘மார்த்தாண்ட வர்மா’ ஒண்ணுதான் மிச்சம்னு ஒவ்வொரு கருத்தரங்கிலும் பெருமூச்சு விடறோம். அடுத்த வரிசையில் நிக்கிறவங்க இவங்கதான்.

அன்னிக்கு ராத்திரி என்னால ஆனதைச் செஞ்சேன். டிவியில் பிரைட்னெஸ்ஸைக் குறைச்சேன், திரையை நாலுக்கு மூணு ஆக்கினேன், டியூப்லைட்டை அணைச்சேன். வெளியே ஏரிக்காத்து. மறுபடி முதலிலிருந்து போட்டேன். அக்கா பொண்ணு இந்தத் தடவை சிரிக்கல, போர்வையைக் கொஞ்சம் இழுத்துக்கிட்டா. எனக்கு ஒரே சந்தோஷம். “இப்ப எப்படிம்மா இருக்கு?”ன்னு கேட்டேன்.

அம்மா கொஞ்ச நேரம் பாத்தாங்க. “இல்லப்பா. அதுல மூஞ்சியே தெரியாது.”

எழுந்து படுக்கப் போயிட்டாங்க.