காம்பரா: ஒரு சொல்லும் ஒரு வாழ்வும்

இலத்தீன் மொழியிற் 'கமெரா' என்பது வளைந்த கூரையையும், அத்தகைய கூரையுடைய கூடத்தையும் குறித்த சொல்லாகும். ஐரோப்பிய மொழிகளிற் பரவியபோது அதன் வடிவம் பெரிதும் மாறவில்லை, பொருளே வேறுபட்டது. இத்தாலியர்க்கு அது வீட்டின் அறை. போர்த்துக்கேயர்க்கு அறையோடு நகரசபையும் ஆகும். உருசியர்க்கு அது சிறைக்கூடத்தின் அறையையும் உணர்த்தும். ஆங்கிலத்திலோ, 'இருட்டறை' எனப் பொருள்படும் இலத்தீன் தொடரொன்றன் வழியாகப் படம்பிடிக்கும் கருவிக்குப் பெயராயிற்று.

இச்சொல் ஈழத்துத் தமிழிலும் இருமுறை புகுந்துள்ளது. ஆங்கிலவழி வந்தது 'கமரா'. போர்த்துக்கேயர்வழி வந்தது 'காம்பரா'. பின்னையது பதுளை, பசறை, அப்புத்தளை முதலிய ஊவாப் பகுதித் தோட்டங்களில் தனிப்பொருள் பெற்றது. ஆங்கில 'லைன்' திரிந்து 'லயம்' ஆனது. இசைநூலார் கூறும் லயத்தோடு அதற்கு உறவில்லை. அந்நெடுங்கட்டடத்தின் ஒரு பிரிவே காம்பரா. பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதாகிய அதற்குள்ளேயே ஒரு குடும்பத்தின் உறக்கமும் பிறப்பும் இறப்பும் நிகழ்ந்தன.

ஹாலி-எலவுக்கு அண்மையிலுள்ள ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்தவர் தெளிவத்தை ஜோசப் (1934-2022). 'காலங்கள் சாவதில்லை' (1974) நாவலையும் 'நாமிருக்கும் நாடே' (1979) தொகுதியையும் தந்த அவரின் 'மீன்கள்' என்னும் சிறுகதை இவ்விடத்து நினைக்கத்தக்கது. வளர்ந்த பிள்ளைகளோடு பெற்றோரும் ஓரிடத்தே துயிலவேண்டிய நெருக்கடியே அக்கதையின் உயிர்நிலை. அங்கு மாந்தரின் மானத்தைச் சோதிப்பது அவர்தம் குணக்கேடன்று, சுவரின் அளவேயாகும். வறுமையைக் கூறிய கதைகள் தமிழிற் பலவுள. இடமின்மையையே கதையின் விதியாக்கியமை ஜோசப்பின் தனித்திறன் எனலாம்.

இத்தகைய கதைகளுக்குக் 'காம்பரா - அறை' என அருஞ்சொல் விளக்கம் தந்து அமைதல் போதாது. அறை என்பது வீட்டின் ஓர் உறுப்பு. ஓர் அறை உண்டெனின் வேறு அறைகளும், அவற்றைச் சூழ்ந்த வீடும் உண்டென்பது குறிப்பாற் பெறப்படும். காம்பராவுக்கு அக்குறிப்பு இல்லை. அதுவே வீடு, அதுவே எல்லை. சொற்பிறப்பு நோக்கில் அது இத்தாலியரின் அறைக்கு உறவாயினும், வாழ்வு நோக்கில் உருசியரின் சிறையறைக்கே அண்மையது எனலாம். எனினும் அதனுள் வாழ்ந்தோர் கைதிகளல்லர். ஏற்றுமதியால் நாட்டுக்குப் பொருளீட்டித் தந்தோர். இம்முரணை அச்சொல் தன்னகத்தே தாங்கி நிற்கின்றது.

லயங்கள் இன்றும் முற்றாக மறைந்துவிடவில்லை. அவை மறையும் நாளிலும் இச்சொல்லைக் காத்தல் இலக்கியத்தின் கடனாகும். காம்பராவை 'அறை' என மாற்றினால் மொழி தூய்மை பெறலாம். கதை உண்மையை இழந்துவிடும்.