நாளுக்கு இருபது கிலோமீட்டர்

1941 ஏப்ரலில் சைபீரிய முகாம் ஒன்றிலிருந்து ஆறு பேருடன் தப்பி, மங்கோலியா, கோபி, திபெத், இமயமலை என்று நடந்தே இந்தியா வந்து சேர்ந்ததாகப் போலந்துப் படை அதிகாரி ஸ்லாவோமிர் ராவிச் சொன்னார். 1956இல் ‘தி லாங் வாக்’ என்று நூலாக வந்த கதை அது. தப்பி வந்தவர் சொல்வதைத் தூரத்தோடும் நாள்கணக்கோடும் ஒத்துப்பார்ப்பது பழைய வழக்கம். இங்கே அதைச் செய்துபார்த்தால் என்ன கிடைக்கிறது?

ஏறத்தாழ 6,500 கிலோமீட்டர், பதினொரு மாதம். வகுத்தால் நாளுக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பாதயாத்திரை போகிறவர்கள் இதைவிட அதிகம் நடக்கிறார்கள். கதை தேறிவிடுகிறது!

சோதனையின் பெரிய பலவீனம் இதுதான். சராசரி எல்லாவற்றையும் சமன்செய்துவிடும். பனியில் முடங்கிய நாளும் சமவெளியில் விரைந்த நாளும் அதில் ஒன்றே. ஆனால் அதே அளவுகோலைப் பயணத்தின் மிகக் கடினமான துண்டின்மேல் வையுங்கள். கோபியில் பத்து நாளுக்கு மேல் தண்ணீரே கிடைக்காமல் நடந்ததாக நூல் சொல்கிறது. பாலைவன வெயிலில் நடக்கும் உடல் தண்ணீரின்றிச் சில நாள்களுக்கு மேல் தாங்காது. இங்கே கதை உடைகிறது.

அப்போதும் அவசரப்படக் கூடாது. தாகத்தில் தவித்தவனுக்கு நான்கு நாள் பத்தாகத் தோன்றலாம். நாள்கணக்குப் பிசகிய எல்லாரையும் பொய்யர் என்றால், உண்மையாகவே துன்பப்பட்ட அகதிகளுக்கு அநீதி செய்தவர்களாவோம். இது என்னை மிகவும் உறுத்துகிற விஷயம். கடைசியில் ராவிச் விவகாரத்தைத் தீர்த்தது நாள்கணக்கு அல்ல, காகிதம். 1941இல் போலந்துக் கைதிகளுக்கு அளிக்கப்பட்ட பொதுமன்னிப்பில் தாம் விடுதலையானதாக அவரே எழுதிய வாக்குமூலத்தை, 2006இல் பிபிசி வானொலி வெளிக்கொண்டுவந்தது.

கணக்குத் தேறினாலும் அது போதாது என்பதற்கு இன்னொரு கதை. 1944 ஏப்ரலில் ஆஷ்விட்ஸ் நாஜி முகாமிலிருந்து தப்பிய ருடால்ஃப் வர்பா, ஆல்ஃப்ரெட் வெட்ஸ்லர் இருவரின் கதையும் தூரக்கணக்கில் எளிதில் தேறும்: சுமார் 130 கிலோமீட்டர், பதினொரு நாள். ஸ்லோவாக்கியாவில் அவர்களைச் சந்தித்த யூத அமைப்பினர் அதோடு நிற்கவில்லை. இருவரையும் தனித்தனியே விசாரித்தார்கள். நாடுகடத்தப்பட்டோர் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். அதன் பிறகே முகாமைப் பற்றிய அவர்களது அறிக்கை எழுதப்பட்டது.

ஆகவே தூரமும் காலமும் எங்கே துருவிக் கேட்க வேண்டும் என்று காட்டும். தீர்ப்புச் சொல்லும் தகுதி அவற்றுக்கு இல்லை. ராவிச்சின் நூலை நாவலாக வாசிக்கலாம், சாட்சியமாக ஏற்க முடியாது.