டாங்கி விற்ற காசு

எதிரி ராணுவம் உங்கள் ஊரில் ஒரு டாங்கியை விட்டுவிட்டு ஓடிப்போகிறது. விற்றால் காசு. அந்தக் காசில் என்ன செய்வீர்கள்?

1945-ல் இத்தாலியில், ரெஜ்ஜோ எமிலியா நகரை ஒட்டிய வில்லா செல்லா கிராமத்துக்கு நிஜமாகவே இந்தக் கேள்வி வந்தது. ஜெர்மானியர்கள் விட்டுப்போனது ஒரு டாங்கி, சில லாரிகள், கொஞ்சம் குதிரைகள். ஜனங்கள் அவற்றை விற்றுச் சின்னக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். குண்டு விழுந்த வீடுகளின் செங்கல், ஆற்று மணல், ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஊரே சேர்ந்து உழைப்பு. செய்தி கேட்டு சைக்கிளில் பார்க்கப் போனார், லோரிஸ் மலகுட்சி என்ற இளம் வாத்தியார். பார்த்தவர் ஆயுசு முழுக்க அதே வேலையாக இருந்துவிட்டார்!

1963-ல் ரெஜ்ஜோ நகராட்சியே பாலர் பள்ளி திறந்தது. 1991-ல் அங்குள்ள டயானா பள்ளியை உலகின் தலைசிறந்த பத்தில் ஒன்று என்றது 'நியூஸ்வீக்'.

இந்தக் கதையை மலகுட்சி ஒரு நீண்ட பேட்டியில் சொல்கிறார். 1993-ல் வந்த 'தி ஹண்ட்ரட் லாங்குவேஜஸ் ஆஃப் சில்ட்ரன்' தொகுப்பில் இருக்கிறது. புத்தகத்தின் உயிரே அந்தப் பேட்டிதான். மற்றதில் பாதி, பேராசிரியர்கள் பேராசிரியர்களுக்கு எழுதியது. கொட்டாவி வரும்.

என் புகார் அதுவல்ல. களிமண், நிழல், வெளிச்சம் வைத்துக் குழந்தைகள் செய்ததையெல்லாம் ஆசை ஆசையாக விவரிக்கும் புத்தகம், பெற்றோரும் ஊர்க்காரர்களும் பள்ளி நிர்வாகத்தில் உட்காரும் சங்கதியை ஓர் அத்தியாயத்தில் ஒதுக்கிவிடுகிறது. பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், சொத்தையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, முதல் போட்டவர்களை அடிக்குறிப்பில் தள்ளிய பேலன்ஸ் ஷீட்!

விளைவு? நம் நகரங்களில் 'ரெஜ்ஜோ முறை' என்று போர்டு மாட்டிய பள்ளிகளைப் பாருங்கள். களிமண் வந்துவிட்டது, கண்ணாடி வந்துவிட்டது. அப்பா அம்மா மட்டும் இன்னும் கேட்டுக்கு வெளியே, கையில் ஃபீஸ் ரசீதோடு!

வில்லா செல்லாவில் ஊர்தான் முதலாளி. அதை விட்டுவிட்டுக் களிமண்ணை மட்டும் வாங்கினால் அது வெறும் களிமண்.

அந்தப் பேட்டியை மட்டுமாவது தேடிப் படியுங்கள். படித்துவிட்டு, உங்கள் தெரு அங்கன்வாடிக்கு ஒரு நடை போய்வாருங்கள். 1975-லிருந்து இருக்கிற திட்டம் சார். 'அது அரசாங்கத்து சமாசாரம்' என்று நாம்தான் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. ஒழுகுகிற கூரையோ உடைந்த ஊஞ்சலோ கண்ணில் பட்டால், தெருவில் பத்துப் பேர் கூடிப் பேசுங்கள். அதற்கு டாங்கி தேவையில்லை.