எலெக்ட்ரான்: ரேமைத் தின்பது மட்டும்தானா குற்றம்?

டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு எலெக்ட்ரானைத் திட்டுவது மென்பொருள் வட்டாரத்தில் ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. ஒரு சாட் செயலி, ஒரு எடிட்டர், ஒரு குறிப்பேடு என்று மூன்றைத் திறந்தாலே எட்டு ஜிபி ரேம் உள்ள லேப்டாப்புக்கு மூச்சு வாங்குகிறது. ‘எல்லாம் எலெக்ட்ரான் படுத்தும் பாடு’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். இந்தத் தீர்ப்பில் பாதி சரி. மறுபாதியில் தண்டனை ஆள் மாறி விழுகிறது. உண்மையில் கவலைப்பட வேண்டிய குற்றச்சாட்டோ பட்டியலிலேயே இல்லை.

கிட்ஹப் தன் ஆட்டம் எடிட்டருக்காக 2013-இல் தொடங்கிய ‘ஆட்டம் ஷெல்’தான் 2015-இல் எலெக்ட்ரான் என்று பெயர் மாறியது. குரோமியம் ப்ரௌசரையும் நோட் ஜேஎஸ்ஸையும் ஒன்றாகக் கட்டி, வெப் பக்கம் எழுதத் தெரிந்தவர் கையில் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்குமான டெஸ்க்டாப் செயலியைக் கொடுத்துவிடும் ஏற்பாடு அது. ஆட்டம் 2022 டிசம்பரோடு முடிந்துபோனது. அதற்காகப் பிறந்த எலெக்ட்ரான் விஎஸ் கோடு, ஸ்லாக், டிஸ்கார்ட், சிக்னல் என்று பரவி நிற்கிறது.

முதலில் நினைவகம். எலெக்ட்ரான் செயலி ஒவ்வொன்றும் தனக்கென ஒரு முழு ப்ரௌசரைத் தூக்கிக்கொண்டு வருகிறது. முதன்மை ப்ராசஸ் ஒன்று, ஜன்னலுக்கு ஒரு ரெண்டரர், ஜிபியூவுக்குத் தனியாக ஒன்று. ஐந்து செயலிகள் ஓடினால் ஐந்து ப்ரௌசர்கள். ‘வணக்கம்’ என்ற ஒற்றைச் சொல்லைக் காட்டும் செயலியும் டிஸ்க்கில் நூறு எம்பிக்கு மேல் இடம் கேட்கும். எவ்வளவு திறமையாக எழுதினாலும் இந்த அடிப்படைச் செலவிலிருந்து தப்ப முடியாது. குற்றச்சாட்டின் இந்தப் பகுதி நிரூபணமாகிவிட்டது என்றே கொள்ளலாம். லினக்ஸில் ஒவ்வொரு ப்ராசஸின் ஆர்எஸ்எஸ் எண்ணையும் கூட்டி ‘ஒன்றரை ஜிபி!’ என்று அலறுபவர்கள் மட்டும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஒரே செயலியின் ப்ராசஸ்கள் பகிர்ந்துகொள்ளும் பக்கங்களை அந்தக் கணக்கு திரும்பத் திரும்ப எண்ணிவிடும்.

நிலையாக இருக்கும் செலவு வேறு, ஏறிக்கொண்டே போகும் செலவு வேறு. காலையில் திறந்த செயலி மாலைக்குள் இரண்டு மூன்று மடங்கு வீங்கியிருந்தால் அது நினைவகக் கசிவு. பெரும்பாலும் அதை எழுதியவரின் கைவேலை. டயலாக் திறக்கும்போதெல்லாம் ஐபிசி லிசனர் ஒன்றை மாட்டுவார்கள், மூடும்போது கழற்ற மறந்துவிடுவார்கள். அந்த லிசனர் டயலாக்கைப் பிடித்துவைத்திருக்கும், டயலாக் தன் டாம் மரம் முழுவதையும் பிடித்துவைத்திருக்கும். இதைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். டெவ்டூல்ஸில் ஒரு ஹீப் ஸ்னாப்ஷாட் எடுத்து, டயலாக்கைப் பத்துமுறை திறந்து மூடி, இன்னொன்று எடுத்து ஒப்பிட்டு, ‘டிடாச்ட்’ என்று தேடினால் அனாதையாக நிற்கும் டாம் துண்டுகள் வரிசையாக வந்து நிற்கும். இதைக்கூடச் செய்து பார்க்காமல் ‘ஃப்ரேம்வொர்க்கே அப்படித்தான்’ என்று கைவிரிக்கும் குழுக்கள் ஏராளம்.

வேகம் பற்றிய குற்றச்சாட்டை எடைபோட விஎஸ் கோடைவிட நல்ல சான்று இல்லை. பயனர் ஒருவரால் 35 எம்பி கோப்பு ஒன்றைத் திறக்க முடியவில்லை. அதில் 1 கோடியே 37 லட்சம் வரிகள் இருந்தன. வரிக்கு ஒரு ஆப்ஜெக்ட், ஆப்ஜெக்டுக்கு 40 முதல் 60 பைட் என்று எடிட்டர் ஒதுக்கியதில் கணக்கு ஏறத்தாழ 600 எம்பியைத் தொட்டுவிட்டது. நம்மில் பலரும் உடனே ‘சி++-இல் எழுதியிருக்க வேண்டும்’ என்போம். அந்தக் குழுவும் அதை யோசித்துப் பார்த்தது. ஜாவாஸ்கிரிப்டுக்கும் சி++-க்கும் இடையே போய்வரும் செலவே லாபத்தை விழுங்கிவிடும் என்று தெரிந்ததும், ஜாவாஸ்கிரிப்டிலேயே இருந்துகொண்டு டேட்டா ஸ்ட்ரக்சரை மட்டும் மாற்றி, 2018-இல் புதிய டெக்ஸ்ட் பஃபரைக் கொண்டுவந்தார்கள். கோளாறு இருந்த இடம் வேறு, பழி விழுந்திருக்கக்கூடிய இடம் வேறு.

ஆனால் இதே எடிட்டரில் எதிர்ச் சான்றும் உண்டு. 2017-இல், யாரும் எதையும் தட்டாமல் சும்மா திறந்திருந்தபோதே விஎஸ் கோடு சுமார் 13 சதவீத சிபியூவை எடுத்துக்கொள்வதாகப் புகார் வந்தது. காரணம், கண்சிமிட்டும் கர்சர்! அரை நொடிக்கு ஒருமுறை தோன்றி மறைய வேண்டியதை சிஎஸ்எஸ் அனிமேஷனாக எழுதியிருந்தார்கள். குரோமியமோ அதற்காக நொடிக்கு 60 முறை திரையைத் தயார்செய்துகொண்டிருந்தது. எழுதியவர் பார்த்தது ஒரே ஒரு சிஎஸ்எஸ் வரி. அதன் விலை பல அடுக்குகளுக்குக் கீழே ஒளிந்திருந்தது. இந்த மறைப்புக்கு எலெக்ட்ரானே பொறுப்பு. எனவே வேகக் குற்றச்சாட்டில் முழு விடுதலை கிடையாது. பெரும்பங்குப் பழி எழுதியவருக்கு, மிச்சம் எலெக்ட்ரானுக்கு.

பாதுகாப்பு விஷயத்தில்தான் என் பொறுமை குறைகிறது. ப்ரௌசரில் ஒரு எக்ஸ்எஸ்எஸ் ஓட்டை கிடைத்தால், தாக்குபவர் அந்தத் தளத்தின் எல்லைக்குள்தான் சுற்றிவர முடியும். பக்கத்துக்குள் நோட் ஜேஎஸ் திறந்துகிடக்கும் எலெக்ட்ரான் செயலியில் அதே ஓட்டை கணினிக்கே சாவியாகிவிடும். 2018 மே மாதம் சிக்னல் டெஸ்க்டாப்பிலேயே, அனுப்பப்படும் செய்தி வழியாக எச்டிஎம்எல்லைப் புகுத்த முடிந்தது. ரகசியத்தையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இந்தக் கதி! நியாயமாகச் சொன்னால் எலெக்ட்ரான் திருந்தியிருக்கிறது. நோட் இன்டக்ரேஷன் 2019-இல் 5-ஆம் பதிப்பிலிருந்து இயல்பாகவே அணைக்கப்பட்டது. கான்டெக்ஸ்ட் ஐசோலேஷன் 2021-இல் 12-ஆம் பதிப்பிலும், சாண்ட்பாக்ஸ் 2022-இல் 20-ஆம் பதிப்பிலும் இயல்புநிலை ஆயின. நல்லதுதான். ஆனால் தொடக்கத்திலிருந்து கணக்கிட்டால் ஒன்பது ஆண்டுகள். அந்த இடைவெளியில் எழுதிய நிரலை உடைக்க மனமில்லாமல், பழைய அமைப்பை ஒரே வரியில் திரும்பப் போட்டுக்கொண்ட செயலிகளுக்கு இந்தத் திருத்தங்களால் எந்தப் பயனும் இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் 2023 செப்டம்பரில் அம்பலமானது. படங்களைப் படிக்கும் லிப்வெப்பி நூலகத்தில் ஆபத்தான ஓட்டை. குரோம் வைத்திருந்தவர்களுக்கு அப்டேட் தானாக வந்து சேர்ந்தது. எலெக்ட்ரான் செயலிகளிலோ அந்த நூலகத்தின் பிரதி ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் தனித்தனியாக இருந்தது. எலெக்ட்ரான் திருத்தம் வெளியிட்டால் மட்டும் போதாது. செயலி தயாரிப்பவர் ஒவ்வொருவரும் மறுபடி பில்டு போட்டு அனுப்பியாக வேண்டும். எலெக்ட்ரானின் புதிய பெரும்பதிப்பு எட்டு வாரத்துக்கு ஒன்று வருகிறது, கடைசி மூன்றுக்கு மட்டுமே ஆதரவு. அதாவது, இன்று புத்தம்புதுப் பதிப்பில் வெளியான செயலியைத் தொடாமல் விட்டால் ஏறக்குறைய ஆறு மாதத்தில் அதற்குள் இருப்பது கேட்பாரற்ற ப்ரௌசர். விஎஸ் கோடின் ‘அபவுட்’ பெட்டி தன் குரோமியம் எண்ணை வெளிப்படையாகக் காட்டுகிறது. மற்ற செயலிகளில் தேடிப் பாருங்கள், பலதில் கிடைக்காது.

மாற்று என்று டாரியைக் காட்டுகிறார்கள். 2022-இல் முதல் பதிப்பு கண்ட அது, ஓஎஸ்ஸில் ஏற்கெனவே உள்ள வெப்வியூவைப் பயன்படுத்துகிறது. பாதுகாப்புத் திருத்தம் ஓஎஸ்காரர் பொறுப்புக்குப் போய்விடும். இதுதான் அதன் உண்மையான வலிமை. நினைவகத்தில் கிடைக்கும் லாபம் விளம்பரப்படுத்தப்படும் அளவுக்கு இருக்காது, ஏனென்றால் விண்டோஸில் உள்ள வெப்வியூ2-உம் குரோமியமே. பாதி நினைவகம், இரட்டை வேகம் என்று மைக்ரோசாஃப்ட் 2023-இல் புதிய டீம்ஸைப் பற்றிச் சொன்னதை ஆதாரமாகக் காட்டுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: எலெக்ட்ரானிலிருந்து வெப்வியூ2-க்கு மாறியபோதே ஆங்குலரை விட்டு ரியாக்டுக்கும் போனார்கள். எந்த மாற்றம் எவ்வளவு கொடுத்தது என்று பிரித்துச் சொல்ல அந்த எண்கள் போதாது.

ஆக, நாள் முழுதும் திறந்து வைத்து வேலை பார்க்கும் எடிட்டர் போன்ற கனமான செயலிக்கு எலெக்ட்ரான் ஏற்கத்தக்கது. அங்கே ரேம் கொடுத்து வாங்குவதற்கு ஈடாக ஏதோ கிடைக்கிறது. மூலையில் உட்கார்ந்து கடிகாரம் காட்டும் செயலிக்கும், ஒற்றைப் படிவம் கொண்ட பில்லிங் செயலிக்கும் அதை எடுப்பது அடாவடி. எட்டு வாரத்துக்கொரு முறை பதிப்பு அனுப்ப ஆள் இல்லாத குழு, செயலி எதுவானாலும், ப்ரௌசரைச் சுமந்துகொண்டு பயனர் வீட்டுக்குள் போகக் கூடாது, வெப்வியூ போதும். ‘விஎஸ் கோடு ஓடவில்லையா?’ என்று அவர்கள் கேட்டால் அந்த வாதம் எடுபடாது. விஎஸ் கோடு மாதந்தோறும் புதிய பதிப்பு விட்டு வளர்ந்த செயலி.