கண்ணுக்குரிய அளவுகோல்

அளக்கும் கருவி சரியாயிருத்தல் மட்டும் போதாது. அளக்கும் இடமும் சரியாயிருத்தல் வேண்டும். இவ்வுண்மை மருத்துவமனைகளில் நெடுங்காலம் போற்றப்படவில்லை.

இதயக் குழாயின் அடைப்பை நீக்கும் மருத்துவர், எக்ஸ் கதிர்ப் படத்தைத் திரையில் நோக்கியவாறே பணிபுரிகிறார். நோயாளியின் உடலிற்பட்டுச் சிதறும் கதிர்களே அவரையும் தாதியரையும் பெரிதும் தாக்குவன. உடலை ஈய மேலங்கி காக்கிறது; அதனுள்ளே மார்பில் கதிரளவி அணியப்படுகிறது. அது காட்டும் சிற்றெண் உடலைப் பொறுத்தவரை மெய்யே. ஆனால், அதைக்கொண்டு கண்ணும் நலமே எனத் துணிதல் பெரும்பிழை. கண்ணுக்கு அம்மேலங்கியின் காப்பு இல்லையன்றோ?

கோலாலம்பூரில் 2009-இல் நடந்து, 2010-இல் வெளிவந்த ஆய்வு இங்கு நோக்கத்தக்கது. இத்துறை இதய மருத்துவர் 56 பேருள் 29 பேருக்கும், தாதியர் முதலிய துணைப்பணியாளர் 11 பேருள் ஐவருக்கும் கண்வில்லையின் பின்புறத்தே கலங்கல் காணப்பட்டது. கதிர்ப்பணி செய்யாதார் 22 பேருள் இருவருக்கே அது இருந்தது. கலங்கல் எல்லாம் பார்வையை மறைக்கும் கண்புரை அல்ல. எனினும், அதன் தொடக்கமாதல் கூடும்.

கதிர்படாதாரையும் ஒப்பிட்டு நோக்கியது இவ்வாய்வின் சிறப்பு. ஆராயப்பட்டோர் தொகை சிறிதென்பது ஒரு குறை. அதனினும் பெரிய குறை, கண் ஏற்ற கதிரின் அளவு, பணியாளர் கூறிய விடைகளைக் கொண்டு பின்னர்க் கணிக்கப்பட்டமையாகும். இதற்கு ஆய்வாளரைக் குறைகூறுதல் தகாது. கண்ணருகே அளந்து வைத்த கணக்கு இல்லாவிடத்து நினைவையன்றி வேறெதனை நாடுவது?

2011-இல் அனைத்துலகக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம், பணியாளரின் கண்வில்லைக்குரிய ஆண்டு வரம்பை 150 மில்லிசீவர்ட்டிலிருந்து, ஐந்தாண்டுச் சராசரியாக 20 ஆகக் குறைக்குமாறு பரிந்துரைத்தது. எவ்வோராண்டிலும் 50-ஐ மீறலாகாது என்றும் கூறியது. வரம்பு இத்துணைச் சுருங்கியபின் ஊகத்தை நம்புதல் இயலாது.

கண்வில்லைக்கென 3 மில்லிமீட்டர் ஆழத்தைக் கருதி அமைத்த அளவிகள் உள்ளன. கதிர்க்குழாய் பெரும்பாலும் மருத்துவரின் இடப்புறம் இருத்தலின், இடக்கண்ணருகே அணிவதே பொருத்தம். ஈயக் கண்ணாடியின் வெளியே அணிந்ததா, உள்ளே அணிந்ததா என்பதையும் குறித்தல் வேண்டும். அன்றேல் அவ்வெண் பொருளற்றதாகும்.

மேலும் ஓர் அளவி அணிதல் தொல்லையும் செலவுமன்றோ எனின், சில திங்கள் அளந்தாலே எவருக்கு அது தொடர்ந்து வேண்டுமென்பது புலனாகும். கலங்கல் கண்டபின் கணக்குத் தேடுவதினும், கணக்கு வைத்துக் கண்ணைக் காத்தலே அறிவுடைமை.