ஓசையும் உண்மையும்: கார் ஒலிக்கலை இதழ் ஒன்றின் நிறைகுறைகள்

திறனாய்வு என்றதும் கவிதையும் கதையும் நாடகமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு கைத்தொழிலையோ பொழுதுபோக்கையோ பற்றி எழுதும் இதழ்களை நாம் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் அவையும் எழுத்தே. அவையும் படிப்பவர் மனத்தை உருவாக்குகின்றன. சிறப்பாக, பாடநூலைக் கண்டால் முகம் சுளிக்கும் இளைஞரின் மனத்தை அவை எளிதில் பற்றிக்கொள்கின்றன. ஆகவே அவற்றையும் நிறுத்துப் பார்ப்பது ஆசிரியர்களின் கடமை எனக் கருதுகிறேன். அவ்வகையில், அமெரிக்காவில் 1988-இல் தோன்றி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அச்சில் வெளிவந்து நின்றுபோன 'கார் ஆடியோ அண்ட் எலக்ட்ரானிக்ஸ்' என்னும் இதழையும், அதன் இனத்தைச் சேர்ந்த பிற இதழ்களையும் இங்கு எடுத்துக்கொள்வோம்.

காருக்குள் இசை கேட்கும் ஆசை பழையது. 1930-இல் அமெரிக்காவில் கால்வின் நிறுவனத்தார் 'மோட்டரோலா' என்னும் பெயரில் கார் வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். பின்னர் கேசட்டும், 1980களில் காம்பாக்ட் டிஸ்க்கும் காருக்குள் புகுந்தன. தொழிற்சாலை பொருத்திக் கொடுத்த கருவியோடு மனநிறைவு கொள்ளாத இளைஞர் பலர் தாமே பலகை அறுத்து ஸ்பீக்கர் பெட்டி செய்தனர். தாமே கம்பி இழுத்து ஆம்ப்ளிபையர் பூட்டினர். இவ்விதழ்கள் அவர்களை நோக்கிப் பேசின.

முதலில் நிறைகளைக் காண்போம். ஒரு நூலுக்குரிய அழகுகளென நன்னூலார் எண்ணுவனவற்றுள் விளங்க வைத்தலும், விளங்கு உதாரணத்தது ஆதலும் அடங்கும். இவ்விரண்டும் இவ்வினத்து இதழ்களின் நல்ல பக்கங்களில் நிறைந்திருந்தன. ஸ்பீக்கரின் இயல்புக்கு ஏற்ப அதன் பெட்டி எத்தனை கொள்ளளவு உடையதாக இருத்தல் வேண்டும் என்பதைக் கணக்கிடும் முறையை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இலும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் ஆய்ந்து வெளியிட்டனர். அவை பொறியாளருக்காக எழுதப்பெற்ற ஆய்வுரைகள். அவற்றின் பயனைக் கையில் வாளும் அளவுகோலும் வைத்திருந்த பதினெட்டு வயது இளைஞனிடம் கொண்டு சேர்த்தவை பொழுதுபோக்கு இதழ்களே. இது சிறிய தொண்டன்று.

மற்றோர் எடுத்துக்காட்டும் கூறலாம். ஆம்ப்ளிபையரின் ஆற்றலை இரு மடங்காக்கினால் ஓசையும் இரு மடங்காகும் என்றே எவரும் எண்ணுவர். உண்மையில் 50 வாட்டை 100 வாட்டாக்கினால் கூடுவது 3 டெசிபலே. செவிக்கு ஓசை இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும்; அதற்குப் பத்து மடங்கு ஆற்றல், அதாவது 500 வாட் தேவை. இதனைப் புரிந்துகொண்ட இளைஞன் மடக்கைக் கணிதத்தின் உட்பொருளைப் புரிந்துகொண்டவனாகிறான். கரும்பலகையில் நாம் ஒரு திங்கள் முழுவதும் போராடிச் சொல்வதை, தன் கைக்காசைச் செலவிடப்போகும் ஒருவன் ஒரே மாலையில் கற்றுக்கொள்கிறான். தேவை கற்பிப்பதைப்போல் வேறெதுவும் கற்பிப்பதில்லை.

பாதுகாப்பையும் இவை வலியுறுத்தின. பாட்டரியிலிருந்து செல்லும் கம்பியில், பாட்டரிக்கு அருகிலேயே பியூஸ் வைக்க வேண்டும் என்பது இத்துறையின் முதற்பாடம். கம்பியின் உறை தேய்ந்து காரின் இரும்பில் பட்டால் தீப்பற்றும். அந்தப் பியூஸ் காப்பது கம்பியையும், அதன்வழிக் காரையும் காரில் இருப்போரையும். இதனை மீண்டும் மீண்டும் சொன்ன எழுத்தாளர் பாராட்டுக்குரியர்.

இனிக் குறைகளுக்கு வருவோம். குற்றங்களுள் முதன்மையானது மாறுகொளக் கூறல். கட்டுரைப் பக்கத்தில் ஓம் விதியைக் கற்பித்த இதழ், அடுத்த விளம்பரப் பக்கத்தில் அவ்விதி மீறப்படுவதைக் கண்டும் வாளாவிருந்தது. '1000 வாட்' எனப் பெரிய எழுத்தில் விளம்பரம் செய்யப்படும் ஓர் ஆம்ப்ளிபையரில் 20 ஆம்பியர் பியூஸ் மட்டுமே இருப்பதாகக் கொள்வோம். கார் ஓடும்போது மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 288 வாட் வருகிறது. உள்ளே தொடர்ந்து செல்லக்கூடியதே 288 வாட் எனில், வெளியே 1000 வாட் தொடர்ந்து வருவது எங்ஙனம்? வெப்பமாக வீணாகும் பகுதியையும் கழித்தால் எஞ்சுவது இன்னும் குறைவு. கூட்டவும் பெருக்கவும் தெரிந்த எவரும் கண்டுபிடிக்கக்கூடிய மிகைக்கூற்று இது.

வீட்டு ஆம்ப்ளிபையர்களின் ஆற்றலை எவ்வாறு விளம்பரப்படுத்த வேண்டும் என்பதற்கு அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 1974-இலேயே விதி வகுத்துவிட்டது. கார்க் கருவிகள் அவ்விதிக்குள் வரவில்லை. 2003-இல்தான் தொழில்துறையினரே முன்வந்து, 14.4 வோல்ட் அழுத்தத்தில், 4 ஓம் தடையில், ஒரு விழுக்காட்டிற்கு மேற்படாத திரிபுடன் அளக்க வேண்டும் என்று சிஇஏ-2006 என்னும் தர அளவை வெளியிட்டனர். அதுவும் விரும்பியோர் ஏற்கும் அளவே. இடைப்பட்ட ஆண்டுகளில் வாசகனுக்குக் காவலாக நின்றிருக்க வேண்டியது யார்? அளவுக் கருவியும் அச்சகமும் கையில் வைத்திருந்த இதழன்றோ? சோதனைப் பக்கங்களில் தாம் அளந்த எண்களை அவர்கள் அச்சிட்டது உண்மை. அதனை மறைப்பது முறையாகாது. ஆயினும் 'இக்கருவியை வாங்காதீர்' என்னும் தெளிவான தீர்ப்பைச் சொல்லும் துணிவு இவ்வினத்து இதழ்களில் அரிதாகவே காணப்பட்டது. எண்ணைக் கொடுத்துவிட்டு முடிவை விழுங்கிக்கொள்வது பாதி நேர்மையே.

இரண்டாவது குறை, அடைமொழிகளின் ஆட்சி. இந்த ஆம்ப்ளிபையரின் ஒலி வெதுவெதுப்பானது, அதன் ஒலி பளிச்சென்றது என வருணிப்பது மதிப்புரைகளின் வழக்கம். அமெரிக்க ஒலி வல்லுநர் ரிச்சர்ட் கிளார்க் இதனைச் சோதிக்க ஓர் அறைகூவல் விடுத்தார். இரண்டு ஆம்ப்ளிபையர்களை அவற்றின் ஆற்றல் எல்லைக்குள் இயக்கி, ஒலியளவைச் சமமாக்கி வைத்தபின், செவியால் மட்டுமே கேட்டு வேறுபாட்டைத் தவறாமல் சொல்பவருக்கு 10,000 டாலர் என்றார். பலர் முயன்றனர், பரிசை வென்றவர் இல்லை. இச்செய்தியை நெஞ்சில் இருத்தும் மதிப்புரையாளன், தன் அடைமொழிகளில் பாதியை அடித்துவிடுவான். சொல்வளம் பொருளின்மையை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது என்னும் பாடம் இலக்கியம் எழுதும் நமக்கும் உரியதே.

மூன்றாவது, குன்றக் கூறல். எத்தனை டெசிபல் எழுப்பினார் என்று போட்டி நடத்திப் பரிசு வழங்கும் ஓர் உலகில், செவியின் எல்லையைப் பற்றிய பேச்சுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. அமெரிக்கத் தொழில்நலக் கழகம் பரிந்துரைக்கும் அளவு 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகிறது; 100 டெசிபலில் பதினைந்தே நிமிடம். கம்பியைக் காக்கப் பியூஸ் வேண்டும் என்று கற்பித்தவர்கள், செவிக்குப் பியூஸ் இல்லை என்பதையும் அதே அழுத்தத்துடன் கற்பித்திருக்க வேண்டும். சுட்டுப்போன கம்பியை மாற்றலாம்; செவியின் உள்ளே பட்டுப்போன உணர்மயிர் மீண்டும் முளைப்பதில்லை.

விளம்பரமின்றி இதழ் வாழாது என்பர் சிலர். அது மெய்தான். வாசகன் தரும் விலை தாளுக்கே போதாதபோது ஆசிரியர் என் செய்வார்? ஆயினும் விளம்பரத்தார் தேடி வருவது வாசகனின் நம்பிக்கையை நோக்கியே. அந்த நம்பிக்கை தேய்ந்தால் விளம்பரத்தின் மதிப்பும் உடன் தேயும். உண்மை சொல்வது இதழுக்கு அறம் மட்டுமன்று, முதலீடும் ஆகும்.

முடிவாக, இத்தகைய இதழ்களை மாணவர் கையிலிருந்து பறிக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. கைவேலையில் மதிப்பும், அளந்து பார்க்கும் பழக்கமும், காரணம் தேடும் ஆர்வமும் அவற்றால் வளர்கின்றன. அவ்விதழ் கற்பித்த கணக்கைக் கொண்டே அவ்விதழின் விளம்பரங்களைச் சோதிக்குமாறு மாணவனைப் பழக்கினால் போதும். பியூஸின் எண்ணை மின்னழுத்தத்தால் பெருக்கிப் பார்க்கத் தெரிந்த மாணவனை எந்தப் பெரிய எழுத்தும் எளிதில் ஏமாற்றிவிடாது.